பற்பசை பல் நகரும் வேகத்தை மாற்றுமா? ஆய்வுத் தலைப்பு குறித்து ஆலோசனை வேண்டும்

வெண்பனி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஆர்த்தோடான்டிக்ஸ், அதாவது கம்பி (கிளிப்) போட்டுப் பற்களை வரிசைப்படுத்தும் துறையில் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ முதுநிலைப் படிப்பில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுத் தலைப்பை அடுத்த மாதம் நெறிமுறைக் குழுவின் முன் வைக்க வேண்டும். அதற்கு முன்பு இங்குள்ள மூத்தவர்களிடம் கேட்டுத் தெளிவு பெற விரும்புகிறேன்.

புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் பிள்ளைகள் சிலர், பற்பசையை மாற்றிய பிறகு இடைவெளி சீக்கிரம் மூடியதாகச் சொல்கிறார்கள். வேறு சிலர், பற்பசை கம்பியைக் கெடுத்துவிடும் என்று எங்கோ படித்துவிட்டு, வெறும் தண்ணீரில் துலக்குகிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டுத்தான் பற்பசையின் பண்புகளுக்கும் பல் நகர்வுக்கும் உள்ள தொடர்பை ஆராயலாம் என்று தோன்றியது. என் திட்டம் இதுதான்: மேல்தாடையில் இருபுறமும் முதல் முன்கடைவாய்ப்பல் எடுக்கப்பட்ட 20 பேரைத் தேர்ந்தெடுத்து, கோரைப்பல்லைப் பின்னுக்கு இழுக்கும் கட்டத்தில், வலப்புறத்தை ஃபுளூரைடு உள்ள பற்பசையாலும் இடப்புறத்தை ஃபுளூரைடு இல்லாத பற்பசையாலும் துலக்கச் சொல்லி, நான்கு மாதங்களில் இரண்டு கோரைப்பற்களும் எவ்வளவு நகர்ந்தன என்று ஒப்பிடுவது. இதில் என்னென்ன குறைகள் இருக்கின்றன என்று தயங்காமல் சொல்லுங்கள்.

மருதம் எழுதியது:

தலைப்பில் உயிர் இருக்கிறது. திட்டத்தில்தான் இரண்டு பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. நான் 20 ஆண்டுகளுக்கு மேலாக இதே வேலையைச் செய்துவருகிறேன் என்ற உரிமையில் வெளிப்படையாக எழுதுகிறேன்.

முதலில், பல் எப்படி நகர்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையில் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. நாம் கொடுக்கும் விசை அந்தப் படலத்தை ஒருபக்கம் அழுத்துகிறது, மறுபக்கம் இழுக்கிறது. அழுந்திய பக்கத்தில் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் எலும்பைக் கரைக்கின்றன. இழுபட்ட பக்கத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. 1904-05-இல் சான்ட்ஸ்டெட் நாய்களின் பற்களை நகர்த்தித் திசுவை நுண்ணோக்கியில் பார்த்த காலத்திலிருந்து இந்தப் புரிதல் வளர்ந்து வந்திருக்கிறது. 1932-இல் ஸ்வார்ஸ், விசை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அங்குள்ள நுண் இரத்தக்குழாய்கள் நசுங்கிவிடும் என்றார். நசுங்கிய இடத்தில் திசு உயிரற்றுக் கண்ணாடி போல் ஆகிவிட, அதை உடல் பின்பக்கமாகக் குடைந்து அகற்றும்வரை பல் நகராமல் நின்றுவிடும். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்ற வேகம், இந்த உயிரியல் அனுமதிக்கும் வேகம். இரண்டு நிமிடம் வாயில் இருந்துவிட்டுத் துப்பப்படும் பற்பசை, ஈறுக்குக் கீழே, எலும்புக்குள் நடக்கும் இந்த வேலையில் நேரடியாகத் தலையிடுவதற்கு வழியே இல்லை. ஆகவே பற்பசை நகர்வை விரைவுபடுத்துமா என்று கேட்பதைவிட, பற்பசை தொடக்கூடிய பரப்புகள் எவை, அவற்றின் வழியாக நகர்வுக்கு ஏதாவது நேருமா என்று கேட்பதுதான் பொருந்தும். அது தொடுவது பல்லின் வெளிப்பூச்சான எனாமல், பல்லில் ஒட்டிக் கம்பியைப் பள்ளத்தில் தாங்கும் சிறு துண்டான பிராக்கெட், கம்பி, ரப்பர் வளையம், ஈறின் விளிம்பு ஆகியவற்றை மட்டுமே.

இரண்டாவது ஓட்டை இன்னும் எளிமையானது. வலப்புறத்துக்கு ஒன்று, இடப்புறத்துக்கு ஒன்று என்று பற்பசையைப் பிரிக்க முடியாது. துலக்கத் தொடங்கிய அரை நிமிடத்தில் உமிழ்நீர் இரண்டையும் கலந்துவிடும். விசையை இருபுறம் வேறுபடுத்தலாம், பிராக்கெட்டை வேறுபடுத்தலாம், எலும்பில் சிறு துளையிடுவதைக்கூட ஒரு புறம் மட்டும் செய்யலாம். வாய் முழுதும் பரவும் ஒரு பொருளுக்கு இந்த அரைவாய் முறை பொருந்தாது. நெறிமுறைக் குழுவில் புள்ளியியல் தெரிந்த ஒருவர் இருந்தால் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

உலோகன் எழுதியது:

நான் பல் மருத்துவன் அல்லன். உலோக அரிப்பு குறித்து ஆய்வு செய்பவன். மருதம் அவர்கள் கூறிய பரப்புகளில் கம்பியைப் பற்றி மட்டும் எழுத அனுமதியுங்கள்.

கிளிப்பில் பயன்படும் நிக்கல்-டைட்டானியம் கம்பி பல் மருத்துவத்துக்காகப் பிறந்தது அன்று. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் உருவாக்கிய உலோகக் கலவை அது. நிட்டினால் என்ற பெயரின் பின்பாதி அந்த ஆய்வகத்தின் முதலெழுத்துகள்தாம். 1970-களின் தொடக்கத்தில் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசென் அதை ஆர்த்தோடான்டிக்ஸுக்குக் கொண்டுவந்தார். அந்தக் கம்பியை வாயில் பாதுகாப்பது, அதன் மேல் தானாகப் படியும் மிக மெல்லிய டைட்டானியம் ஆக்சைடு படலம். ஃபுளூரைடு அயனி தனியாக இருக்கும்போது அந்தப் படலத்துக்குப் பெரும் தீங்கு செய்வதில்லை. அமிலச் சூழலில் அது ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலமாக மாறும்போதுதான் படலம் கரைகிறது. கரைந்த இடத்தில் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மை உடையதாக்குகிறது.

இங்கே ஒரு கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. பி.எச். என்பது அமிலத்தன்மையின் அளவு: 7 நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் கூடும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தின் பி.கே.ஏ. மதிப்பு, அதாவது அது பாதியளவு அயனியாகப் பிரிந்திருக்கும் பி.எச்., ஏறத்தாழ 3.2. பி.எச். 3.5 உள்ள ஒரு ஜெல்லில் மொத்த ஃபுளூரைடில் மூன்றில் ஒரு பங்கு அமில வடிவில் இருக்கும். பி.எச். 7 உள்ள சாதாரணப் பற்பசையில் அது நூற்றில் ஒன்றுகூட இல்லை. பத்தாயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு என்ற அளவுதான். பல் மருத்துவமனைகளில் தட்டில் வைத்துக் கடிக்கக் கொடுக்கும் அமில பாஸ்பேட் ஃபுளூரைடு ஜெல்லில் ஃபுளூரைடு 12,300 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு) அளவில், பி.எச். 3-ஐ ஒட்டி இருக்கும். அதனால் அரிக்கப்பட்ட கம்பியின் நுண்ணோக்கிப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, 1000 பிபிஎம் கொண்ட நடுநிலைப் பற்பசையைக் குற்றம் சாட்டும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

ஆய்வக முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. நாளுக்கு ஒரு நிமிடம் வீதம் மூன்று மாதம் என்றால் 90 நிமிடம். ஆகவே கம்பியை 90 நிமிடம் தொடர்ந்து ஊறவைத்தால் மூன்று மாதப் பயன்பாட்டுக்குச் சமம் என்று பலர் கொள்கிறார்கள். அரிப்பு அப்படிக் கூட்டல் கணக்காக நடப்பதில்லை. ஒவ்வொரு முறை துலக்கிய பிறகும் உமிழ்நீர் ஃபுளூரைடைக் கழுவிவிடுகிறது; சிதைந்த ஆக்சைடு படலம் மீண்டும் வளர்வதற்குப் பல மணி நேரம் கிடைக்கிறது. தொடர் ஊறலில் அந்த இடைவெளி இல்லை. பாத்திரத்தை நாள்தோறும் இரண்டு நிமிடம் ஊறவைப்பதும், ஒரே இரவு முழுதும் ஊறப்போடுவதும் ஒன்றாகுமா?

செவ்வந்தி எழுதியது:

இங்கே மருத்துவர்கள் பேசுகிற இடத்தில் நான் நுழைவது சரியா என்று தெரியவில்லை. என் மகளுக்கு 14 வயது. கிளிப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. மேல் முன்வரிசையில் இரண்டு பற்களில் பிராக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளையாகத் தெரிகிறது. சிகிச்சை செய்யும் இடத்தில் கேட்டபோது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஃபுளூரைடு கம்பியைக் கெடுக்கும் என்று ஒரு காணொளியில் பார்த்ததால், நான்தான் மூன்று மாதங்களுக்கு முன்பு ஃபுளூரைடு இல்லாத மூலிகைப் பற்பசைக்கு மாற்றினேன். மேலே நீங்கள் எழுதியிருப்பதைப் படித்த பிறகு மனம் பதைக்கிறது. நான் செய்தது தவறா? இப்போது என்ன செய்ய வேண்டும்?

மருதம் எழுதியது:

அம்மா, நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். உங்கள் மகளின் பற்களைவிட இந்த இழைக்கு முக்கியமான பொருள் எதுவும் இல்லை. தவறு உங்களுடையது அன்று. கிளிப் ஒட்டிய நாளிலேயே இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் பார்க்கும் வெள்ளை, எனாமலின் மேற்பரப்புக்குக் கீழே சுண்ணாம்புச் சத்து கரைந்து வெளியேறியதன் அடையாளம். பிராக்கெட்டின் ஓரத்தில், குறிப்பாக ஈறுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் உள்ள குறுகிய பட்டையில், துலக்கியின் நார் சரியாகப் படுவதில்லை. அங்கே தங்கும் அழுக்குப் படலத்தில் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்குகிறது. ஃபுளூரைடு அங்கே இருந்தால், கரைந்த கனிமங்கள் திரும்பப் படியும்போது இன்னும் உறுதியான வடிவில் படிகின்றன. அது கரைவதற்குப் பி.எச். 4.5 வரை இறங்க வேண்டும். அந்த ஒரு எண் வித்தியாசம்தான் ஒரு பிள்ளையின் சிரிப்பில் நிரந்தரத் தழும்பு விழுவதற்கும் விழாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இது அரிதான நிகழ்ச்சியும் அன்று. கோரெலிக் குழுவினர் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், பிராக்கெட் ஒட்டிச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு பல்லிலாவது வெண்புள்ளி இருந்தது. மேல்வரிசையின் பக்க வெட்டுப்பற்கள்தாம் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. நார்வேயில் ஓகார்டும் அவருடைய உடன் ஆய்வாளர்களும், எடுக்கப்படவிருந்த முன்கடைவாய்ப்பற்களில் அழுக்குத் தங்கும்படி வளையம் மாட்டிப் பார்த்தபோது, நான்கே வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் வெண்புள்ளி உருவாகியது. நம்மிடம் வரும் பிள்ளைகளை நாம் நான்கு அல்லது ஆறு வாரங்களுக்கு ஒருமுறைதான் பார்க்கிறோம் என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை இவை. இன்று இரவே ஃபுளூரைடு உள்ள பற்பசைக்கு மாறுங்கள். பிராக்கெட்டுக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை என்று துலக்கியைச் சாய்த்துப் பிடித்துத் துலக்கச் சொல்லுங்கள். கம்பிக்கு அடியில் நுழையும் சிறிய தூரிகையும் மருந்துக் கடைகளில் கிடைக்கும். துலக்கிய பிறகு நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் பல்லில் நிற்க வேண்டிய ஃபுளூரைடு பெரும்பாலும் கழுவப்பட்டுவிடும். அடுத்த முறை செல்லும்போது ஃபுளூரைடு வார்னிஷ் பூசுவது பற்றி நீங்களே கேளுங்கள். பல்லைக் காற்றால் உலர்த்திய பிறகுதான் வெள்ளை தெரிகிறதா, ஈரமாக இருக்கும்போதே தெரிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உலர்ந்தால் மட்டும் தெரிவது ஆரம்பநிலை. அதைப் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடலாம்.

வெண்பனிக்கு ஒரு வரி: ஃபுளூரைடு இல்லாத பற்பசையை நான்கு மாதம் கொடுக்கும் பிரிவை உங்கள் திட்டத்திலிருந்து இப்போதே நீக்கிவிடுங்கள். பாதிப் பேருக்கு வரக்கூடிய ஒரு கேட்டைத் தடுக்கும் பொருளை, நகர்வு வேகம் என்ற ஐயத்துக்குரிய கேள்விக்காக மறுப்பது நெறியாகாது.

கார்முகில் எழுதியது:

பற்பசை தயாரிப்பில் வேதியியலாளராக வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இதுவரை எல்லோரும் ஃபுளூரைடையே பற்பசை என்று பேசுகிறீர்கள். ஒரு குழாயில் எடைக் கணக்கில் பார்த்தால் ஃபுளூரைடு மிகச் சிறிய பகுதி: 1000 பிபிஎம் வேண்டுமானால் சோடியம் ஃபுளூரைடு 0.22 சதவீதம், சோடியம் மோனோஃபுளூரோபாஸ்பேட் என்றால் 0.76 சதவீதம். மீதியில் பெரும்பங்கு தேய்க்கும் தூள், ஈரம் காக்கும் பொருள், தண்ணீர், நுரைப்பான், பிசின், மணம்.

தேய்க்கும் தூள் எது என்பதே எந்த ஃபுளூரைடு உப்பைச் சேர்ப்பது என்பதைத் தீர்மானிக்கும். கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணத்தூள், அடிப்படையாக இருந்தால் சோடியம் ஃபுளூரைடு சேர்க்க முடியாது. குழாய்க்குள்ளேயே கால்சியம் ஃபுளூரைடாகப் படிந்து பயனற்றுப் போய்விடும். அதனால்தான் அங்கே மோனோஃபுளூரோபாஸ்பேட் சேர்க்கிறோம். அது வாயில் உள்ள நொதிகளால் உடைந்து ஃபுளூரைடை விடுவிக்கும். நீரேறிய சிலிக்கா அடிப்படை என்றால் சோடியம் ஃபுளூரைடை நேரடியாகச் சேர்க்கலாம். ஆகவே, செவ்வந்தி அவர்களே, அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஃபுளூரைடு எத்தனை பிபிஎம் என்பது அதில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது இந்தியாவில் சட்டம். மேல்வரம்பு 1000 பிபிஎம்; ஐரோப்பாவில் அது 1500 பிபிஎம். காலாவதித் தேதியையும் பாருங்கள், ஏனென்றால் நாளாக நாளாகக் கரையும் நிலையில் உள்ள ஃபுளூரைடு குறையும்.

வெண்பனி அவர்களுக்குப் பயன்படக்கூடிய பண்பு, என் கருத்தில், தேய்மானத் திறன், அதாவது பற்பசை பல்லை எவ்வளவு தேய்க்கிறது என்பது. அதை அளக்கும் முறை அழகானது. எடுக்கப்பட்ட பற்களின் வேரை நியூட்ரான் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் டென்டினில், அதாவது பல்லின் உள்ளடுக்கில், உள்ள பாஸ்பரஸ் கதிரியக்கம் பெறும். பிறகு இயந்திரத் துலக்கியால் பற்பசைக் கரைசலில் தேய்த்து, கரைசலில் எவ்வளவு கதிரியக்கம் வந்து சேர்ந்தது என்று எண்ணினால், எவ்வளவு டென்டின் தேய்ந்தது என்று தெரியும். கால்சியம் பைரோபாஸ்பேட்டை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிடுவார்கள். ஐ.எஸ்.ஓ. 11609 தரநிலை 250 வரை அனுமதிக்கிறது. பல்லை வெண்மையாக்குவதாக விற்கப்படும் பற்பசைகள் பல இந்த அளவுகோலில் மேலே நிற்கும். கரிப் பற்பசைகளைப் பற்றிப் பலர் கேட்பதால் ஒரு சொல்: 2017-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த மீளாய்வு, அவற்றின் பாதுகாப்புக்கும் பயனுக்கும் போதிய சான்று இல்லை என்றே முடிவு கூறியது.

நுரைப்பானையும் மறந்துவிட வேண்டாம். கம்பி உராய்ந்து கன்னத்தின் உட்புறம் புண்ணாகும் பிள்ளைகளுக்குச் சோடியம் லாரில் சல்ஃபேட் எரிச்சலைக் கூட்டக்கூடும். அது இல்லாத பற்பசையில் வாய்ப்புண் குறைகிறது என்று 1990-களில் நார்வே ஆய்வாளர்கள் முதலில் காட்டினார்கள். எரிந்தால் பிள்ளை துலக்காது. துலக்காவிட்டால் மேலே மருதம் அவர்கள் சொன்னதெல்லாம் நடக்கும்.

தகடூரான் எழுதியது:

தருமபுரி மாவட்டத்தில் பல் மருத்துவராக இருக்கிறேன். எங்கள் பகுதியின் நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஃபுளூரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். இந்தப் பேச்சில் நீரின் வழியாக உடலுக்குள் போகும் ஃபுளூரைடையும் பல்லின் மேல் படும் ஃபுளூரைடையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

குடிநீரில் நிறைய ஃபுளூரைடு கொடுத்து எலிகளில் செய்த ஆய்வுகளில், பல் நகர்வு குறைந்ததாக அறிக்கைகள் உண்டு. எலும்பில் ஃபுளூரைடு சேர்ந்தால் எலும்பு கரையும் விதம் மாறும் என்பது வியப்பில்லை. அதைப் பற்பசைக்குப் பொருத்துவதற்கு முன்பு அளவைப் பாருங்கள். பட்டாணி அளவு பற்பசை ஏறத்தாழ கால் கிராம். 1000 பிபிஎம் என்றால் அதில் மொத்த ஃபுளூரைடு கால் மில்லிகிராம். அதிலும் பெரும்பகுதி துப்பப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்குக் கூறும் வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள நீரை நாளுக்கு மூன்று லிட்டர் குடிப்பவருக்கு உள்ளே போவது நாலரை மில்லிகிராம். வெயிலில் வேலை செய்பவர்கள் மூன்று லிட்டரோடு நிறுத்துவதும் இல்லை. ஃபுளூரைடு உண்மையிலேயே நகர்வைப் பாதிக்கிறதா என்று அறிய விரும்பினால், கேள்வியைக் குழாயிடம் கேட்காமல் கிணற்றிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்று. இங்கே கிளிப் போட வரும் பிள்ளைகளின் பற்களில் சிகிச்சைக்கு முன்பே வெள்ளைக் கோடுகளும் பழுப்புத் திட்டுகளும் இருக்கும். அவை பல் வளரும் காலத்தில் உருவானவை. இருபுறமும் ஒத்த பற்களில் ஒரே மாதிரி இருக்கும், பிராக்கெட்டின் விளிம்பை ஒட்டி நிற்காது. தொடக்கத்திலேயே நிழற்படம் எடுத்து வைக்காவிட்டால், ஈராண்டு கழித்துக் கிளிப்பைக் கழற்றும்போது எது பழையது, எது நம் சிகிச்சையால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தகைய எனாமல், பிராக்கெட் ஒட்டுவதற்கு முன்பு நாம் பூசும் அமிலத்துக்கு எளிதில் இடம் கொடுக்காது என்பதால் பிராக்கெட்டும் அடிக்கடி கழன்று விழும். ஒவ்வொரு முறை விழும்போதும் சிகிச்சை பல வாரங்கள் பின்தங்குகிறது.

உலோகன் எழுதியது:

முன்பு நான் எழுதியதில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ஒருபக்கச் சார்பாகிவிடும். 2005-இல் வாக்கர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், அமில ஜெல் மட்டுமல்லாமல் நடுநிலையான பி.எச். கொண்ட ஃபுளூரைடுப் பொருளும் நிக்கல்-டைட்டானியம் கம்பியின் மீள்விசையைக் குறைத்தது. செம்பு கலந்த நிக்கல்-டைட்டானியம் கம்பி பாதிக்கப்படவில்லை. அந்த ஃபுளூரைடுப் பொருள்கள் கடைப் பற்பசையைவிடப் பல மடங்கு செறிவு கூடியவை, முறையும் அதே 90 நிமிட ஊறல்தான். இருந்தாலும் நடுநிலை என்றாலே தீங்கு அறவே இல்லை என்று நான் சொன்னதாக யாரும் கொள்ள வேண்டாம்.

வெண்பனி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாட்களாக இவற்றைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஃபுளூரைடு இல்லாத பிரிவையும் அரைவாய் முறையையும் நீக்கிவிட்டேன்.

நேற்று மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கம்பியை மாற்றினேன். எட்டு வாரம் வாயில் இருந்த 0.019க்கு 0.025 அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. கழற்றியவுடன் தூக்கிப் போடாமல் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பிராக்கெட்டுகளுக்கு இடையில் இருந்த பகுதி பளபளப்பாகவே இருந்தது. பிராக்கெட்டின் பள்ளத்துக்குள் இருந்த பகுதியில் மட்டும் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு படிவு, விரல் நகத்தால் சுரண்டினால் மாவு போல வந்தது. பல் வழுக்கிச் செல்ல வேண்டிய இடம் சரியாக அதுதான். பிரேசிலில் நடந்த ஆய்வுகளில், எட்டு வாரம் வாயில் இருந்த கம்பிகளில் படிவும் உராய்வும் கூடியிருந்தன. எஃகுக் கம்பளியால் துடைத்தபோது உராய்வு திரும்பக் குறைந்தது என்று படித்தேன். அப்படியானால் பற்பசையின் தேய்மானத் திறனுக்கும் இந்தப் படிவுக்கும் தொடர்பு உண்டா என்பது ஒரு நியாயமான கேள்வியாகுமா? உராய்வு கூடினால் நாம் கொடுக்கும் 150 கிராம் விசையில் கோரைப்பல்லைச் சென்றடைவது குறையும் அல்லவா?

மருதம் எழுதியது:

இதுதான் கேள்வி. இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

ஆனால் உங்கள் முதன்மை அளவீடு உராய்வாகவும் படிவாகவும் இருக்கட்டும்; பல் நகர்ந்த தூரமாக இருக்க வேண்டாம். ஆளுக்கு ஆள் நகர்வு வேகம் மிகவும் வேறுபடும். வயது, எலும்பின் அடர்த்தி, வலிக்காக எடுத்துக்கொள்ளும் மாத்திரை என்று எத்தனையோ காரணங்கள். எலும்பு கரைவதில் பங்குள்ள புரோஸ்டாகிளாண்டின் என்ற உடல் வேதிப்பொருளைத் தடுக்கும் வலி நிவாரணிகள் நகர்வைக் குறைக்கக்கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். இத்தனை இரைச்சலுக்குள் பற்பசையால் வரும் மிகச் சிறிய வேறுபாட்டை 20 பேரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க முடியாததை, வேறுபாடு இல்லை என்று எழுதிவிடும் ஆபத்தும் உண்டு.

கம்பி என்பது கழற்றி மாற்றக்கூடிய பொருள் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி கிடைக்கிறது. ஒரே நோயாளி எட்டு வாரம் ஒரு பற்பசை, புதுக் கம்பி மாட்டிய பிறகு அடுத்த எட்டு வாரம் மற்றொரு பற்பசை என்று பயன்படுத்தலாம். எது முதலில் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்யுங்கள். அப்போது ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடாகிறார்கள். இரண்டு பற்பசையிலும் ஃபுளூரைடு 1000 பிபிஎம் இருக்க வேண்டும், ஒரே உப்பாக இருக்க வேண்டும், தேய்மானத் திறன் மட்டும் வேறுபட வேண்டும். அதற்குக் கார்முகில் அவர்களைப் போன்ற ஒருவரின் உதவி தேவைப்படும். அடையாளமற்ற வெள்ளைக் குழாய்களில் அடைத்துக் கொடுங்கள். துலக்கும் முறையை எல்லோருக்கும் ஒரே மாதிரி கற்றுக்கொடுங்கள், ஏனென்றால் படிவை நீக்குவது பெரும்பாலும் துலக்கியின் நார்தான், பசையன்று என்று உங்கள் முடிவு வந்தால் நான் வியப்படைய மாட்டேன். அந்த முடிவும் வெளியிடத்தக்கதே.

நகர்வைத் துணை அளவீடாக வைத்துக்கொள்ளலாம். ரப்பர் சங்கிலி முதல் நாளிலேயே விசையில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடும் என்பதால், நிக்கல்-டைட்டானியம் சுருள்வில் பயன்படுத்துங்கள். மாதந்தோறும் வாயை ஸ்கேன் செய்து, அண்ணத்தின் மூன்றாம் மடிப்பின் உள்முனைகளை நிலைப்புள்ளியாகக் கொண்டு படங்களைப் பொருத்திப் பாருங்கள். கோரைப்பல் பின்னுக்கு வந்ததா, கடைவாய்ப்பல் முன்னுக்கு வந்துவிட்டதா என்பதைப் பிரித்தறியாமல், இடைவெளி குறைந்ததை மட்டும் அளந்து ஏமாந்தவர்கள் பலர். ஒவ்வொரு வருகையிலும் ஈறில் இரத்தக் கசிவையும் எனாமலில் வெண்புள்ளியையும் தவறாமல் பதியுங்கள். தேய்மானம் கூடிய பற்பசையால் உராய்வு குறைந்து, ஈறு விலகி வேர்ப்பகுதி தேய்ந்தால் அது பயனன்று.

செவ்வந்தி எழுதியது:

டாக்டர், நேற்று மருத்துவரிடம் மகளை அழைத்துச் சென்று நீங்கள் சொன்னபடியே கேட்டேன். பல்லை உலர்த்திப் பார்த்தார்கள். ஒரு பல்லில் உலர்ந்த பிறகுதான் வெள்ளை தெரிகிறதாம். மற்றொன்றில் ஈரமாக இருக்கும்போதே தெரிகிறதாம். வார்னிஷ் பூசினார்கள், அடுத்த முறையும் பூசுவதாகச் சொன்னார்கள். பழைய பற்பசையை வீட்டிலிருந்தே எடுத்துவிட்டேன். சுவீடனில் 5000 பிபிஎம் உள்ள பற்பசை கொடுத்து நல்ல பலன் கண்டதாக மருத்துவமனையில் ஒருவர் சொன்னார், அதை வாங்கலாமா?

மருதம் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி அம்மா. அந்த சுவீடன் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. 1450 பிபிஎம்மைவிட 5000 பிபிஎம் வெண்புள்ளியைக் குறைத்தது உண்மை. ஆனால் அது மருத்துவர் எழுதிக்கொடுத்து, கண்காணித்துப் பயன்படுத்த வேண்டிய பொருள். நீங்களாக இணையத்தில் வாங்க வேண்டாம். ஈரத்திலேயே தெரியும் அந்த ஒரு பல்லுக்கு அது தேவையா என்பதை உங்கள் மருத்துவர் அடுத்த முறை பார்த்துச் சொல்லட்டும். இப்போதைக்கு 1000 பிபிஎம், நாளுக்கு இரண்டு முறை, இரவில் துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் கூடாது.

வெண்பனி எழுதியது:

தலைப்பை, சம ஃபுளூரைடு கொண்ட இரு பற்பசைகளின் தேய்மானத் திறனும் பயன்படுத்திய கம்பியின் படிவும் உராய்வும் என்று மாற்றி வழிகாட்டிக்கு அனுப்பினேன், ஒப்புக்கொண்டார். முன்னோட்டத்துக்காகத் திங்கள்கிழமை ஐந்து கம்பிகளைச் சேகரிக்கப் போகிறேன். கழற்றிய கம்பியை எப்படி வைத்துக்கொள்வது?

உலோகன் எழுதியது:

துடைக்காதீர்கள், விரலாலும் தொடாதீர்கள். பிராக்கெட் பள்ளத்தில் இருந்த பகுதியைப் பிடிக்காமல் நுனியை மட்டும் இடுக்கியால் பிடித்து எடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை மெதுவாக முக்கி எடுத்து, உலர்ந்த பிறகு தனித்தனிக் குழாயில் இடுங்கள். வலது முனை எது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே அடையாளமிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே பெட்டியிலிருந்து பயன்படுத்தாத ஒரு கம்பியையும் சேர்த்து வையுங்கள். புதுக் கம்பியின் உராய்வு தெரியாமல் பழைய கம்பியின் உராய்வைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.